பம்ப்ளிமாஸில் ரத்தம் தேடியவள்

சிபாலோக் தீவு
புதன், 12 பிப்ரவரி 2003

மாரே எர்மினியா,

என் மகள் ரோவேனா உன் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். அவளுக்கு நீ ஞானத்தாய். காலையும் மாலையும் உன் கைச்சோறு சாப்பிடுகிறாள். அந்த ஒரே காரணத்துக்காகத்தான் இந்தக் கடிதத்தை, ஞானத்தாய் முறைக்கு அழைக்கிற 'மாரே' என்று தொடங்கியிருக்கிறேன். இல்லையென்றால் 'பெருமதிப்புக்குரிய பயிற்சியாளர் அவர்களுக்கு' என்று எழுதியிருப்பேன்.

போன வாரம் இலோயிலோவில் நீ நடத்திய பயிற்சியைப் பற்றித்தான் எழுதுகிறேன். வேறு எதைப் பற்றி எழுதப் போகிறேன்? ஆளுக்கொரு பம்ப்ளிமாஸ் பழத்தைக் கொடுத்து, இதுதான் குழந்தையின் தொடை, ஊசி போட்டுக் காட்டுங்கள் என்றாய். இருபது வருஷமாக எப்படிப் போடுகிறேனோ அப்படியே போட்டேன். குத்தினேன். மருந்தைத் தள்ளுவதற்கு முன்னால் சிரிஞ்சின் தண்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, ரத்தம் வருகிறதா என்று ஐந்து எண்ணிப் பார்க்கப் போனேன். நீ கொடுத்த புதுச் சிரிஞ்சு பூட்டிக்கொண்டது. விடாமல் இழுத்தேன். தண்டு ஒடிந்து கையோடு வந்தது.

"என்ன மாரே, பம்ப்ளிமாஸ்ல போயி ரத்தம் தேடுற?" என்றாய்.

இருபத்திரண்டு செவிலிகள் சிரித்தார்கள், எர்மினியா. எண்ணினேன். அதில் பாதிப் பேர் நான் பிரசவம் பார்க்கத் தொடங்கியபோது பள்ளிக்கூடத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவர்கள். அதோடு விட்டாயா? சுவரில் ஒட்டிய தாளில் என் பெயருக்கு நேரே 'மறுபயிற்சி தேவை' என்று சிவப்பு மையில் எழுதினாய். திரும்பும் படகில் மாங்குவான் தீவுச் செவிலி என் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே, "மனாங், இதுல ரத்தம் இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்கிறாள். அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே அக்காளைக் கேலி செய்கிற பிள்ளை!

விடாமல் ஐந்து எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு எந்த நாளிலிருந்து வந்தது, யாரால் வந்தது என்பது அந்த அறையில் உனக்கு மட்டும்தான் தெரியும். அதை நான் சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

தடுப்பூசிப் பெட்டியைக் கொண்டுவந்த படகோட்டி எபிபானியோ அவசரப்படுத்துகிறார். காலிப் பெட்டியில் இதைப் போட்டு அனுப்புகிறேன். ஐஸ் உருகி மை கலைந்திருந்தால், நான் அழுதேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

கொன்சோர்சியா
(மறுபயிற்சி தேவைப்படுபவள்)

---

இலோயிலோ
செவ்வாய், 18 பிப்ரவரி 2003

சோர்சிங்,

கடிதம் நனைந்துதான் வந்தது. திட்டு மட்டும் ஒரு எழுத்துக்கூடக் கலையவில்லை.

சிரித்தது தப்பு. என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடும் என்று உனக்குத் தெரியும். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். 'மறுபயிற்சி தேவை' என்று எழுதியதற்குக் கேட்க மாட்டேன். அது தேவைதான்.

கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் படி. குழந்தையின் தொடையில் நாம் குத்துகிற இடத்தில் பெரிய ரத்தக்குழாய் எதுவும் கிடையாது. முத்தடுப்பூசி அரை மில்லி. அதற்காக ஊசியை உள்ளே வைத்துக்கொண்டு இழுத்துப் பார்த்தால் ஊசி நுனி அசைகிறது; குழந்தைக்குத்தான் கூடுதல் வலி. இழுக்காமல் போட்டுப் பார்த்த இடங்களில் குழந்தைகள் அழுவது குறைந்திருக்கிறது. இது என் கற்பனை இல்லை. சேர்த்து அனுப்பியிருக்கும் தாள்களைப் படி. புதுச் சிரிஞ்சு ஒருமுறைக்கு மேல் உதவாது. மருந்தை ஏற்றியபின் முன்னால் மட்டும்தான் போகும். வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

எல்லா ஊசிக்கும் இதுவே சட்டம் என்று நான் சொல்லவில்லை. பால் மாதிரிக் கெட்டியான பெனிசிலினைப் பிட்டத்தில் போடும்போது இழு, பார், ஐந்து எண்ணு. இதயக் கோளாறுக்காக மாதாமாதம் உன்னிடம் பெனிசிலின் போட்டுக்கொள்கிறாரே எபிபானியோ, அவருக்கு நீ பார்க்காமல் போட்டாய் என்று கேள்விப்பட்டால் நானே வந்து உன்னோடு சண்டை பிடிப்பேன்.

நீ சொல்ல மாட்டேன் என்றதை நான் சொல்கிறேன், இந்தத் தாளில் மட்டும். 1981. நாம் இரண்டாம் வருஷ மாணவிகள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற அந்த மனிதர் குப்புறப் படுத்திருந்தார். வார்டுத் தலைமைச் செவிலி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற பதற்றத்தில் குத்தியவுடனே தள்ளப் போனேன். பக்கத்துக் கட்டிலில் படுக்கை விரித்துக்கொண்டிருந்த நீ ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாய். "இரு. இழுத்துப் பாரு" என்றாய். இழுத்தேன். வெள்ளை மருந்துக்குள் சிவப்பு நூல் மாதிரி ரத்தம் ஏறியது. தள்ளியிருந்தால் அது நேராக ரத்தத்தில் போயிருக்கும். அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றுவரை முழுதாக நினைக்க எனக்குத் துணிவில்லை. அவர் என்னவென்றால், "இன்னும் முடியலையா பிள்ளைங்களா?" என்று கேட்டார். நீ யாரிடமும் சொல்லவில்லை. என்னைக்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் இன்று இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது உன் கை அன்று நீண்டதால்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த அறையில் இருந்த இருபத்திரண்டு பேரும் இழுக்கிறவர்கள்தான். இழுத்த மாதிரி இழுத்துவிட்டு, கண் இமைக்கும் நேரம்கூட நிற்காமல் தள்ளிவிடுகிறவர்கள். அதனால் யாருக்கும் ஒரு பலனும் இல்லை. ஐந்துவரை நின்று பார்க்கப் போனவள் நீ ஒருத்திதான். எனக்கு உன் கைமேல் அன்றும் பொறாமை, இன்றும் பொறாமை.

புதுச் சிரிஞ்சு இரண்டு பெட்டி வைத்திருக்கிறேன். முயன்று பார்.

எர்மினியா

பி.கு.: ரோவேனா கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். அவள் என் பக்கம். உன்னிடம் சொல்லாதே என்றாள்.

---

சிபாலோக்
புதன், 26 பிப்ரவரி 2003

மாரே,

தாள்களைப் படித்தேன். இரண்டு முறை படித்தேன். உன் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. இதை எழுத எனக்கு ஒரு முழு நாள் ஆனது என்பதையும் குறித்துக்கொள்.

இன்று முயன்றேன். ஒன்பது குழந்தைகள் வந்திருந்தார்கள். முதல் குழந்தைக்கு இழுக்காமல்தான் போட நினைத்தேன். கட்டைவிரல் என் பேச்சைக் கேட்கவில்லை, தண்டு ஒடிந்தது. இரண்டாவதும் ஒடிந்தது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது குழந்தைகளுக்கு ஒழுங்காகப் போட்டேன். ஆறாவதாக வந்தவள் நோர்மிதா. மடியில் இரண்டு மாதப் பையன் ரேமார். ஊசியைப் பக்கத்தில் கொண்டுபோனேன். குழந்தையின் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"மனாங், நீங்க பாக்கவே இல்லையே?"

"இனிமே பாக்க வேண்டாமாம், நோர்மிதா. புது முறை."

"நீங்கதானே சொன்னீங்க, பாக்காம போடுறவங்க கையில புள்ளையோட காலக் குடுக்காதேன்னு?"

நான்தான் சொன்னேன். இருபது வருஷமாக ஒவ்வொரு தாய்க்கும் சொன்னேன். சொன்னதோடு நின்றேனா? சுகாதார நிலையச் சுவரில் நீலப் பெயிண்டில் ஆளுயரத்துக்கு எழுதி, தாயும் பிள்ளையும் சிரிஞ்சும் படமாக வரைந்தும் வைத்திருக்கிறேன். 'இழுத்துப் பார்க்காதவர் கையில் குழந்தையைக் கொடுக்காதே.' நீயே ஒருமுறை அந்தப் படத்தைப் பார்த்து, சிரிஞ்சு துடுப்பு மாதிரி இருக்கிறது என்றாயே, அதுதான்.

இங்கே ஊசி போடுவது எப்படி என்று உனக்குத் தெரியாது. குத்தியதும் நான் 'இசா' என்பேன். தாய் 'துஹா' என்பாள். வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து மூன்று, நாலு, ஐந்து சொல்லி முடிப்பார்கள். அப்புறம்தான் மருந்தைத் தள்ளுவேன். இன்று எண்ணவில்லை. நோர்மிதா எழுந்துபோனாள். அவள் பின்னால் மற்ற மூன்று பேரும் போனார்கள். என் கை தயங்கியதை அவர்கள் பார்த்துவிட்டார்கள். தயங்குகிற கையில் நானும் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன்.

ஒரு உதவி கேட்கிறேன். பழைய மாதிரிச் சிரிஞ்சு எங்காவது கிடங்கில் மிச்சம் இருந்தால் ஒரு பெட்டி அனுப்பு. இந்தத் தீவுக்கு மட்டும்.

கொன்சோர்சியா

---

இலோயிலோ
செவ்வாய், 11 மார்ச் 2003

சோர்சிங்,

பழைய சிரிஞ்சு இருக்கிறது. அனுப்ப மாட்டேன்.

நீ வெந்நீரில் கொதிக்கவைத்துத் திரும்பப் பயன்படுத்துகிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும். எல்லாரும் நீ இல்லை. ஒரே சிரிஞ்சு இரண்டு குழந்தைக்குப் போன இடங்களில் மஞ்சள் காமாலை எப்படிப் பரவியது என்ற கணக்கு என் மேசைமேல் கிடக்கிறது. உன் தீவுக்கு விலக்குக் கொடுத்தால் அடுத்த வாரமே இன்னும் பத்துத் தீவுகள் கேட்கும். தண்டு பூட்டிக்கொள்வதுதான் அந்தச் சிரிஞ்சின் அருமையே.

அதைவிட அவசரமான விஷயம் இருக்கிறது. மாங்குவான் தீவில் கக்குவான் இருமல் வந்துவிட்டது. மூன்று கைக்குழந்தைகள் படுத்திருக்கிறார்கள். ஒன்று ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனது. ஆரஞ்சு உரித்தாளே, அந்தப் பெண்தான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படகில் வந்தாள். கரை சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அவள் என் அறையில் உட்கார்ந்து அழுதாள். மாங்குவானிலிருந்து உன் தீவுக்குப் படகில் ஒரு மணி நேரம்தான்.

உன் பட்டியலில் முத்தடுப்பூசி போட வேண்டிய குழந்தைகள் முப்பத்தெட்டு. வரும் சனிக்கிழமை இங்கிருந்து ஒரு குழுவை அனுப்புகிறேன். உனக்கு மனம் ஒப்பவில்லையென்றால் நீ போட வேண்டாம். தாய்மார்களைக் கூட்டி மட்டும் வை. உன்னைக் கெஞ்சுகிறேன்.

எர்மினியா

---

சிபாலோக்
புதன், 19 மார்ச் 2003

எர்மினியா,

சனிக்கிழமை உன் குழு வந்தபோது நான் தெற்கு முனையில் ஒரு தலைச்சன் பிரசவத்தில் மாட்டிக்கொண்டேன். குழந்தை கால் மாறி வந்தது. விட்டுவிட்டு வர முடியாது. நான் கூட்டி வைத்திருந்த தாய்மார்கள் உன் குழுவில் வந்த பையன்கள் இருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்களாம். "நீங்க இழுத்துப் பாப்பீங்களா?" அதெல்லாம் தேவையில்லை என்று அவர்கள் சிரித்திருக்கிறார்கள். கதவுகள் சாத்தப்பட்டன. முப்பத்தெட்டில் நாலு.

நான் வந்து கேட்டால், பெருமையாகச் சொல்கிறார்கள்: "சுவத்துல எழுதியிருக்குற மாதிரியே செஞ்சோம் மனாங். ஒரு காலக்கூடக் குடுக்கல."

இருபது வருஷமாக நான் சொன்னதை இவ்வளவு ஒழுங்காகக் கேட்டவர்கள் வேறு எந்த ஊரிலும் இருக்க மாட்டார்கள். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

இந்தக் கடிதம் வரும் படகிலேயே நோர்மிதாவும் ரேமாரும் வருகிறார்கள். மூன்று நாளாக இருமல். இருமி முடிக்கும்போது மூச்சை இழுக்கிற சத்தம் வருகிறது, உதடு நீலமாகிறது. அன்று அவள் பிள்ளையின் காலை இழுத்துக்கொண்டபோது நான் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன், மாரே. பார்த்தாயா எர்மினியா, உன் சிரிஞ்சு தோற்றது என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லக் கூசுவதை உன்னிடம் எழுதுகிறேன்.

அவனைப் பார்த்துக்கொள்.

கொன்சோர்சியா

---

இலோயிலோ, பொது மருத்துவமனை
செவ்வாய், 25 மார்ச் 2003

சோர்சிங்,

முதலில் இது: ரேமார் மூச்சு விடுகிறான். நீலம் போய்விட்டது. இரண்டு நாள் ஆக்ஸிஜனில் இருந்தான். இன்று காலை பால் குடித்தான், குடித்ததைக் கக்கினான், மறுபடி குடித்தான். பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி உட்கார்ந்து படி.

ஐந்து நாளாக அலுவலகம் முடிந்ததும் நேராக இங்கேதான் வருகிறேன். ரோவேனா சோறு கட்டிக் கொண்டுவருகிறாள். நேற்று மத்தியானம் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தபோது ஒன்று பார்த்தேன். நெஞ்சில் சளி கட்டியதற்காக ரேமாருக்குத் தொடையில் ஒரு ஊசி போட வேண்டும். வேகமான கைகள் உள்ள ஒரு செவிலி வந்தாள். நோர்மிதா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இரு தங்கச்சி. எண்ணிக்கிறேன்."

செவிலி என்னைப் பார்த்தாள். விடு என்று கண்ணைக் காட்டினேன். நோர்மிதா குழந்தையின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குனிந்து, அவன் காதருகே 'இசா, துஹா, தத்லோ, அபாத், லிமா' என்றாள். ஊசி இன்னும் வெளியேதான் இருந்தது, சோர்சிங். குத்தவே இல்லை. குழந்தை இருமலை நிறுத்திவிட்டு அம்மா வாயைப் பார்த்தான். அந்த நேரத்தில் செவிலி மருந்துக் குப்பியின் பெயரை இன்னொரு தடவை படித்தாள். தொடையில் இடத்தைச் சரிபார்த்தாள். அவள் கையும் நிதானமானது. 'லிமா' என்றதும் நோர்மிதா தலையாட்டினாள். குத்தி, தள்ளி, எடுத்தாயிற்று. இழுக்கவில்லை. அவன் அழுதான், ஆனால் சீக்கிரம் நிறுத்திவிட்டான். நோர்மிதா இழுத்தார்களா என்று கேட்கக்கூட இல்லை.

எத்தனை பயிற்சி நடத்தியிருக்கிறேன்! ஒரு தாய்க்கு அந்த ஐந்து நொடியில் என்ன கிடைக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. நீ அவர்களுக்கு ரத்தம் பார்க்க மட்டுமா கற்றுக்கொடுத்தாய்? அவசரப்படுகிற கையைத் தாயே நிறுத்தலாம் என்று கற்றுக்கொடுத்திருக்கிறாய். இந்த மாகாணத்தில் வேறு எந்தத் தாய்க்கு அந்தத் துணிச்சல் இருக்கிறது?

அதனால் சொல்கிறேன்: எண்ணுவதை விடாதே. இடத்தை மட்டும் மாற்று. குத்துவதற்கு முன்னால் எண்ணட்டும்.

எர்மினியா

---

சிபாலோக்
புதன், 2 ஏப்ரல் 2003

மாரே,

நீ சொன்னபடி செய்தேன். ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலயத்து முற்றத்திலேயே தாய்மார்களை நிறுத்திவைத்தேன். ரேமார் பிழைத்த செய்தியைச் சொன்னதும் பாதிப் பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அப்புறம் நேராக விஷயத்துக்கு வந்தேன். சின்னக் குழந்தைகளின் தொடையில் இனி இழுத்துப் பார்க்க வேண்டாம். சுவரில் நான் எழுதியதைக் குழந்தைகள் விஷயத்தில் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

ஐந்து பெற்ற பிலார் விடவில்லை. "அப்போ இத்தன வருஷமா எங்ககிட்ட பொய்யா சொன்னீங்க?"

"பொய் சொல்லல பிலார். தெரிஞ்சதச் சொன்னேன். இப்ப இன்னும் கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டேன்."

"முன்னாடி எதுக்குப் பாத்தீங்க, அதச் சொல்லுங்க."

சொன்னேன். மூட்டை தூக்குகிறவர், வெள்ளை மருந்து, சிவப்பு நூல். மாணவி ஒருத்தி என்று மட்டும் சொன்னேன். அது கெட்டியான மருந்து, பிட்டத்தில் பெரிய குழாய்கள் உண்டு, அங்கே இன்றும் பார்க்கத்தான் வேண்டும் என்று விளக்கினேன்.

பின்னாலிருந்து எபிபானியோ எழுந்தார். "மனாங், புது முறை பழைய முறையெல்லாம் நீங்க பேசிக்குங்க. என் பின்பக்கத்துல மட்டும் பாக்காம குத்துனீங்கன்னா படகு இந்தக் கரைக்கு வராது." எல்லாரும் சிரித்தார்கள். சிரித்ததில் கொஞ்சம் இறுக்கம் தளர்ந்தது.

அன்றே வரிசை நின்றது. தாய் காலைப் பிடித்துக்கொண்டு எண்ணுவாள், ஐந்தில் தலையாட்டுவாள், நான் குத்துவேன். மாரே, என் கட்டைவிரல் இந்த முறை பேச்சைக் கேட்டது. எண்ணி முடித்துவிட்டதால் அதற்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது. ஒரு தண்டுகூட ஒடியவில்லை. உன் குழு போட்ட நாலையும் சேர்த்து இன்றோடு இருபத்தொன்பது குழந்தைகள்.

மிச்சம் ஒன்பது. அவர்கள் பிலார் கூட்டம். அவள் கடைசியாக ஒன்று கேட்டாள். பதில் எனக்குத் தெரியும், சொல்லத்தான் முடியாது.

"பாக்க வேண்டாம்னு யாரு சொல்றா மனாங்?"

"இலோயிலோவுல இருக்குற எர்மினியா. என் மகளோட ஞானத்தாய்."

"நாற்காலியில உக்காந்திருக்கறவங்க எது வேணா சொல்லுவாங்க. அவங்க கையில என்னிக்காவது ரத்தம் ஏறியிருக்கா? பாத்து நடுங்கியிருக்காங்களா? அப்படிப்பட்டவங்க வந்து வேண்டாம்னு சொன்னா நான் கேப்பேன்."

மாங்குவானில் இன்னொரு குழந்தை படுத்துவிட்டது என்று எபிபானியோ சொல்கிறார். ஒன்பது குழந்தைகள், மாரே. வேறு வழி இருந்தால் சொல்லு. நான் சொல்ல மாட்டேன் என்று எழுதியிருக்கிறேன், சொல்ல மாட்டேன்.

சோர்சிங்

---

இலோயிலோ
திங்கள், 7 ஏப்ரல் 2003

சோர்சிங்,

இந்தக் கடிதத்தை எபிபானியோவிடம் கொடுக்கவில்லை. நாளைச் சந்தைப் படகில் அனுப்புகிறேன், எனக்கு ஒரு நாள் முன்னால் உன்னிடம் வந்து சேரட்டும் என்று. பின்வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதி வைக்கிறேன்.

புதன்கிழமை தடுப்பூசிப் பெட்டியோடு நானும் வருகிறேன். நோர்மிதாவையும் ரேமாரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். பிலாரின் கேள்வி எனக்கானது. பதிலையும் நான்தான் சொல்ல வேண்டும்.

மேலதிகாரியிடம் இன்று காலையே சொல்லிவிட்டேன், 1981 கதையை. பயிற்சியாளராக இருப்பவள் வாயிலிருந்து இது வெளியே போனால் பேச்சு வரும் என்றார். வரட்டும் என்றேன். இருபத்திரண்டு வருஷம் நீ உன் வாயில் வைத்துக் காப்பாற்றியதை, ஒன்பது குழந்தைகள் காத்திருக்கும்போது நான் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டிருந்தால் அப்புறம் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்று உனக்குத் தெரியும். இறங்கும்போது நான் பச்சையாக இருப்பேன். இஞ்சித் தண்ணீர் வைத்திரு.

எர்மினியா

---

சிபாலோக்
பெரிய புதன், 16 ஏப்ரல் 2003

மாரே எர்மி,

போன புதன்கிழமை, அலை ஏறுவதற்குள் போக வேண்டும் என்று எபிபானியோ உன்னை அள்ளிப் படகில் போட்டுக்கொண்டு போய்விட்டார். உன்னிடம் சொல்ல வேண்டியதில் பாதியைச் சொல்ல நேரமே கிடைக்கவில்லை. எழுதுகிறேன்.

நீ முற்றத்தில் நின்று, "அந்த மாணவி நான்தான்" என்றபோது உனக்கு எதிரே இருந்த முகங்களைத்தான் நீ பார்த்தாய். நான் உனக்குப் பின்னால் நின்றேன். முதுகுக்குப் பின்னால் உன் இரண்டு கையும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். குரலில் ஒரு துளி நடுக்கம் இல்லை. "என் கையப் புடிச்சு நிறுத்துனது இவங்க. நிறுத்தலன்னா நான் உங்க முன்னாடி நிக்க மாட்டேன். அன்னியிலேர்ந்து ரத்தத்தப் பத்தி எது எழுதுனாலும் தேடித் தேடிப் படிக்கிறேன். படிச்சிட்டுதான் சொல்றேன், குழந்தைங்களுக்கு இழுக்க வேண்டாம்" என்றாயே, அப்போது எனக்கு உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அத்தனை பேர் இருந்ததால் இருமிச் சமாளித்தேன். கக்குவான் வந்துவிட்டதோ என்று இரண்டு பேர் விலகி நின்றார்கள்.

பிலார் அப்போது தன் பெண்குழந்தையை உன்னிடம் நீட்டி, "நீங்களே போடுங்க" என்றாள் இல்லையா? உன் படகு போனபின் அவளிடம் கேட்டேன், என்னிடம் கொடுக்காமல் குழந்தையை உன்னிடம் ஏன் கொடுத்தாள் என்று. அவள் சொன்னாள்: "தப்பு பண்ணப் பாத்தேன்னு ஊருக்கு முன்னாடி சொல்ற வாய் இருக்கே மனாங், அதுக்குப் பொய் சொல்ல வராது. அந்தக் கையில குடுக்கலாம்." எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் சொன்னது சரி.

முப்பத்தெட்டுக்கு முப்பத்தெட்டு. ஒன்றுகூட விடவில்லை. இதுவரை இங்கே வேறு யாருக்கும் இருமல் இல்லை. ரேமார் இன்று என் மேல் ஒன்றுக்குப் போனான். நோர்மிதா மன்னிப்புக் கேட்டாள். நான் அதைப் பதக்கம் குத்திய மாதிரி நாள் முழுக்க உடுத்தியிருந்தேன்.

சுவரைப் பற்றிக் கேட்டாயே. படத்தை அழிக்கவில்லை. எழுத்தை மட்டும் மாற்றினேன்: 'ஊசிக்கு முன் ஐந்து எண்ணு.' எபிபானியோ பக்கத்திலேயே நின்று, தனக்காக இன்னொரு வரியும் எழுதவைத்தார்: 'பிட்டத்தில் பெனிசிலின் என்றால், குத்திய பின்னும் ஐந்து.' சிரிஞ்சு இன்னும் துடுப்பு மாதிரித்தான் இருக்கிறது.

பெரிய வாரத்துக்கு ரோவேனா வந்திருக்கிறாள். அவள் என்னிடம் ஒன்று சொன்னாள். சுவரில் ஒட்டிய அந்தத் தாளில் என் பெயருக்கு நேரே இருந்த சிவப்பு எழுத்தை நீ அடிக்கவில்லையாம். அதற்குக் கீழே உன் பெயரையும் எழுதி, அதற்கு நேரேயும் 'மறுபயிற்சி தேவை' என்று எழுதியிருக்கிறாயாம். அன்று சிரித்த இருபத்திரண்டு பேரும் பார்த்தார்களாமே. என்னிடம் சொன்னால் நீ கோபப்படுவாய் என்று இத்தனை நாள் சொல்லாமல் இருந்தாளாம்.

நீ மேசைமேல் வைத்துவிட்டுப் போன பம்ப்ளிமாஸை இன்று மத்தியானம் வெட்டினோம். பிலார், நோர்மிதா, ரோவேனா எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கத்தியை வைத்ததும் யாரோ 'இசா' என்றார்கள். எல்லாரும் சேர்ந்து ஐந்துவரை எண்ணினோம். பிறகு வெட்டினேன்.

நன்றாகப் பார்த்துவிட்டேன், மாரே. ரத்தம் இல்லை. நல்ல இனிப்பு. உனக்காக நாலு சுளை எடுத்துவைத்தேன். ஐஸ் பெட்டியில் இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

உன்,
சோர்சிங்